நனையாத சட்டை

அத்தியாயம் 17

வியாழக்கிழமை இரவு டீவியில் போன ‘ஏழாம் வாடி’ நாடகம், வெள்ளிக்கிழமை விடிவதற்குள் பள்ளிவாசல்துறைச் சனத்தை இரண்டு கட்சியாக்கிவிட்டது.

பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து ஒழுங்கை முனையில் நின்றபோது அதைச் சுற்றி ஆறேழு பெண்கள் கூடியிருந்தார்கள். பாண் கேட்பார்தான் இல்லை.

"அரை மணித்தியாலம் ஒரு சீவன் வாய் திறக்கேல்ல. டீவி பழுதாப் போச்செண்டு நான் எழும்பி ரெண்டு தட்டுத் தட்டினன்," என்றாள் றோசமேரி. "கடலுக்குள்ள இருந்து மனுசன் நடந்து வாறான், போட்டிருக்கிற சட்டை நனையேல்ல. எங்களுக்கென்ன விசரே?"

"அது கனவக்கா," என்றாள் மெரினா.

"கனவெண்டா கனவெண்டு காட்டோணும். பெண்சாதிக்காரி திடுக்கிட்டு எழும்போணும், ஒரு மிடறு தண்ணி குடிக்கோணும். இது வீடெல்லாம் மணல் நிரம்புது, அவள் பேசாமச் சோறு போடுறாள். கடைசியில அவன் ஒரு வசனம் சொல்றான், முடிஞ்சு போச்சு. ஆருக்கு விளங்கும்?"

"எனக்கு விளங்கினது. அவன் மீனில முள்ளெடுத்து அவளின்ட சோத்துக் கோப்பையில வைச்ச இடத்தில நான் அழுதிட்டன். மாமி மருமகள் சண்டையைப் பாத்துப் பாத்துக் கண் பூத்துப் போச்சு. நேத்துத்தான் நாடகம் எண்டு ஒண்டு பாத்தன்."

"என்ட மனுசி அவனைப் பேய் எண்டு சொல்றா," என்று பாண்காரனும் தன் பங்குக்குச் சொன்னான்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல. கடைசியா அவன் என்ன சொன்னவன்? ‘நான் தண்ணியில இல்ல. நீங்க தேடுற இடம் பிழை.’ அப்பிடியெண்டா அவன் எங்கயோ உசிரோட..." சொல்லிக்கொண்டே திரும்பிய றோசமேரி, பின்னால் வந்து நின்ற டொறத்தியைக் கண்டாள்.

எல்லோருக்கும் திடீரென்று பாண் வாங்கும் அவசரம் வந்துவிட்டது.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு டொறத்தியின் நிலைமை தெரியும். கடலைக் கொந்தளிக்க வைக்கும் கச்சான் காற்றுத் தொடங்கிய நாட்களில் அவளுடைய புருசன் கில்பட், கூட்டாளி ஒருவனோடு வலைக்குப் போனான். இரண்டு நாள் கழித்து வள்ளம் புத்தளத்துக்கு வடக்கே காரைதீவுக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. கூட்டாளியின் உடலும் கிடைத்தது. கில்பட்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கச்சான் ஓய்ந்து, கரையில் குடிசை போட்டுத் தொழில் செய்யும் வாடிக்காரர்கள் திரும்பி வந்து, கடல் குளம் போலாகிவிட்டது. பிள்ளை இல்லாத டொறத்தி இன்னும் கில்பட்டின் தகப்பன் அருளப்புவின் வீட்டில்தான் இருக்கிறாள். சிலாபத்திலிருக்கும் அவளுடைய தமையன், நம்பிக் காத்திருந்தது போதும், பூசையை வைத்துவிட்டு வீட்டுக்கு வா என்று கிழமைக்கு இரண்டு தடவை கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அருளப்பு கடைசியில் அரைமனதாகத் தலையாட்டினார். கில்பட்டின் ஆத்துமத்துக்கான பூசை நாளைக் காலையில் என்று முடிவாகியிருந்தது.

அந்த முடிவு நேற்று இரவு ஏழரை மணி வரைக்கும் நின்றது.

‘ஏழாம் வாடி’யை எழுதுகிறவள் வேறு யாருமில்லை, கில்பட்டின் தங்கை நிலானிதான். கொழும்பில் இருந்து எழுதுகிறாள். அது ஊருக்கே தெரிந்த பெருமை. ஊருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. மணல் நிரம்பும் வீடு, நனையாத சட்டை, முள்ளெடுத்துக் கொடுக்கும் கை எல்லாம் டொறத்தி கண்ட கனவு. ஒரு நாள் தாங்க முடியாமல் டெலிபோனில் நிலானிக்கு மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு பேருமாக அழுதார்கள். நேற்று, கதிரை போட்டு உட்கார்ந்து ஊர் முழுக்க அதைப் பார்த்தபோது, குளிக்கிற இடத்தில் வேலியைப் பிடுங்கியது போல அவளுக்கு இருந்தது.

பாணோடு வீட்டுக்குத் திரும்பினாள். அருளப்பு முற்றத்தில் கோயிலுக்கு உடுத்தும் வெள்ளைச் சாரமும் சட்டையுமாக நின்றார்.

"பாதரிட்டச் சொல்லிப்போட்டு வாறன். நாளைக்குப் பூசை வேண்டாமெண்டு."

டொறத்தி பாணை மேசையில் வைத்தாள். "மாமா, அது நாடகம்."

"நாடகந்தான். நானும் நாடகமெண்டுதான் பாத்துக்கொண்டிருந்தன்." அவர் நாடகம் ஓடிக்கொண்டிருந்த கைத்தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். இரண்டு கண்ணிலும் வெண்படலம். மூக்கில் முட்டுமளவுக்கு வைத்தால்தான் ஏதோ தெரியும். "இந்தா பார், இந்த முள்ளெடுக்கிற இடம். வாலில பிடிச்சு, தலைப் பக்கமா இழுக்கிறான். ஊரில ஆர் அப்பிடி எடுக்கிறது? கில்பட் மட்டுந்தான். நிலானிக்கு இது எப்பிடித் தெரியும்? அவள் படிக்கப் போன நாளில இருந்து அண்ணனோட ஒரு கோப்பைச் சோறு திண்டிருப்பாளோ? அவளுக்கு ஆரோ காட்டிக் குடுத்திருக்கு."

காட்டிக் கொடுத்தவள் கேத்தலைப் பிடித்தபடி அவர் முன்னால்தான் நின்றாள்.

என்ட கனவு மாமா என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை அவள் இரவே யோசித்துப் பார்த்துவிட்டாள். கட்டினவளிடமே வந்து சொல்லியிருக்கிறான் என்று கிழவர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். வெறும் கற்பனை என்று சொன்னாலோ, புருசன் செத்தால் போதும் என்று நினைக்கிறாள் என்றாகிவிடும். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் புதைகுழி.

"கடைசியில அவன் நடந்து போற பாலம் தெரியுதே?" அருளப்பு விடவில்லை. "எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம். வெள்ளத்தில தாழுற பாலம். நான் ஆத்து மீனுக்குப் போன இடம், எனக்குத் தெரியாதா? வள்ளம் அடைஞ்சது காரைதீவில. அங்கயிருந்து காட்டால நடந்தா எங்க போய்ச் சேரும்? எலுவன்குளத்தில. தலையில அடிபட்டு, பேர் ஊர் மறந்து, ஆரோ ஒருத்தன்ட வயலில நிக்கிறான். நாங்க கடலைப் பாத்துக் குந்திக்கொண்டிருக்கிறம். தேடுற இடம் பிழை எண்டு அவன் சொல்றது சரிதானே?"

"மாமா..."

"நீ சொல்லு பிள்ள. அது கனவோ, உண்மையோ?"

"எனக்குத் தெரியேல்ல மாமா."

அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். "நேத்தும் உன்ட தமையன் கோல் எடுத்தவனாமே," என்றார் மெதுவாக. சிலாபத்துக்குப் போக அவளுக்குத்தான் அவசரம் என்ற குறை அந்தக் குரலில் இருந்தது.

நிலானி பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். நாளைய பூசைக்குக் கறுப்புச் சட்டை தைத்துக் கொண்டு வந்திருந்தாள். முற்றத்தில் தகப்பன் கொடுத்த முத்தத்தையும், "என்ட மகள் கெட்டிக்காரி, வழி காட்டிப்போட்டாள்" என்ற வார்த்தையையும் வாங்கிக்கொண்டு குழம்பிப்போய்க் குசினிக்குள் வந்தாள்.

டொறத்தி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மச்சாள், கோவமா?"

"அது என்ட கனவு."

"தெரியும். கேட்டிருக்கோணும். கேட்டா நீங்க ஓம் எண்டு சொல்லியிருக்க மாட்டீங்க எண்டும் தெரியும்." நிலானி பலகையை இழுத்துப் பக்கத்தில் இருந்தாள். "மச்சாள், வருசக்கணக்கா நான் எழுதுறது என்ன? கன்னத்தில அறையுறது, கதவுக்குப் பின்னால நிண்டு ஒட்டுக் கேக்கிறது. இந்த ஒரு கிழமைப் பாகத்திலதான் உண்மையா ஒண்டு எழுதினன். பாதிச் சனம் திட்டுது. டீவி ஸ்டேசனுக்கு கோல் மேல கோல். ஆனா உடப்பு ஊரில இருந்து ஒரு அம்மா என்ட நம்பரைத் தேடிப் பிடிச்சு எடுத்தவா. மகன் கடலில காணாமப் போய்ப் பதினொரு வருசமாம். ‘பிள்ள, என்ட வீட்டுக்குள்ளயும் மணல்தான்’ எண்டு சொல்லி அழுதா. அதுக்கு நான் என்ன செய்ய?"

"நல்லா எழுதியிருக்கிறாய். நான் இல்லையெண்டு சொல்லேல்ல." டொறத்தியின் கை நின்றது. "நான் சொன்ன கனவில ஒரு வார்த்தை இல்ல. அவர் ஒண்டும் கதைக்கேல்ல எண்டுதானே சொன்னனான். தேடுற இடம் பிழை எண்டு அவர் எப்ப சொன்னவர்?"

நிலானி துருவிக் கிடந்த தேங்காய்ப்பூவை விரலால் குவித்தாள்.

"எப்ப சொன்னவர், நிலானி?"

"சொல்லேல்ல. டிரெக்டர் கேட்டவர். இப்பிடிப் பேசாம முடிச்சா அடுத்த கிழமை சனம் வராது, ஒரு கொக்கி போடுங்க எண்டு. ஷூட்டிங் ஸ்பொட்டில வைச்சு, காருக்குள்ள இருந்து எழுதிக் குடுத்தன்."

"கொக்கி," என்றாள் டொறத்தி.

"மச்சாள்..."

"அந்தக் கொக்கியில உன்ட அப்பா மாட்டியிருக்கிறார். போய்க் கழட்டு."

நிலானி போனாள். போனவள் கழட்டிப் பார்க்கத்தான் செய்தாள். டொறத்தி குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"அப்பா, அந்தக் கடைசி வசனம் நானே எழுதினது. சும்மா எழுதினது."

"நீதான் எழுதினாய். ஆர் இல்லையெண்டது? எழுத வைச்சது ஆர்?"

"ஒருத்தரும் இல்லப்பா. சனத்தை அடுத்த கிழமையும் பாக்க வைக்கிறதுக்கு..."

"உனக்கு எத்தினை வசனம் வந்திருக்கும்? அதுக்குள்ள ஏன் அந்த வசனம் வந்தது? காட்டுறதுக்கு எத்தினை பாலம் இருக்கு? ஏன் அந்தப் பாலம்?"

"படம்பிடிக்கப் பெமிட் கெதியாக் கிடைச்ச இடம் அதுதானப்பா!"

அருளப்பு சிரித்தார். மாதக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. "உனக்கு விளங்காது மகள். உன்னைக் கொண்டு செய்விக்கிறார் அவர்," என்று மேலே கையைக் காட்டினார். "ஹுனைஸிட்டச் சொல்லிப்போட்டன். ஜும்மா முடிஞ்ச உடன எலுவன்குளத்துக்குப் போக ஓட்டோ வருது."

ஹுனைஸ், பின்வீட்டுக் கமீலாவின் மகன். டொறத்தி வேலியால் புகுந்து ஓடினாள். கமீலா கருவாட்டுப் பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, மகனைப் போக விடாதீங்க. மாமா கண் தெரியாத மனுசன். அங்க போய் எதைத் தேடப் போறார்?"

கமீலா முந்தானையில் கையைத் துடைத்தாள். "நாங்க ஏலாதுண்டு சென்னா வேற ஓட்டோ புடிச்சிட்டுப் போவாரு புள்ள. அது இன்னும் மோசம். நேத்து நானும் அதப் பாத்த. எங்க உம்மா மன்னார உட்டு வெரட்டுபட்டு வந்த நாளேலிருந்து மௌத்தாகிற வரைக்கும் ஒவ்வொரு நாளும் கனவுல மன்னாருக்குப் போய் வந்தா. சுபஹுக்கு எழும்பினா புத்தளம். போகாதீங்கண்டு யாரு அவங்களுக்குச் செல்ற?" பாயின் மற்றப் பக்கத்தையும் திருப்பிப் போட்டாள். "நீயும் ஏறிப் போ. தனிய உடாத."

பகல் சாப்பாட்டை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அருளப்பு கில்பட்டின் கலியாணப் படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்தார். படத்தில் டொறத்தியும் இருந்தாள், அரைவாசியாக மடிந்து.

அவர் செருப்பைக் காலால் தடவித் தேடும்போதுதான் டொறத்திக்கு வாய் திறந்தது.

"மாமா. அது நிலானியின்ட கற்பனை இல்ல. என்ட கனவு."

அருளப்பு அப்படியே நின்றார். சுவரோடு சாய்ந்து நின்ற நிலானி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் கண்டதுதான் அதெல்லாம். வந்தவர், இருந்தவர், முள்ளெடுத்துத் தந்தவர். ஆனா ஒண்டும் சொல்லேல்ல மாமா. எங்க இருக்கிறீங்க எண்டு நான் கேட்டன். கத்திக் கேட்டன். அவர் என்னை நிமிந்தும் பாக்கேல்ல. எழும்பிப் போயிட்டார். அவ்வளவுதான். அந்த வசனம் பொய். சத்தியமாப் பொய்."

கிழவர் கையால் துழாவிக் கதிரையைப் பிடித்து இருந்தார்.

"உன்னட்ட வந்தவனா?"

"ஓம் மாமா."

"சட்டை நனையாம?"

"ஓம்."

"என்னட்ட ஒரு நாளும் வரேல்ல," என்றார். "ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுப்போட்டுத்தான் படுக்கிறன். தகப்பன்தானே நான். ஒரு நாளாவது வந்து எட்டிப் பாத்திருக்கலாம்."

அதன் பிறகு அழுதார். சின்னப்பிள்ளை போலத் தோள் குலுங்கி, சத்தமாக அழுதார். நிலானி காலடியில் இருந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். டொறத்தி தள்ளியே நின்றாள். இனிப் போகமாட்டார், அழுது தீர்ந்ததும் படுத்துவிடுவார், பூசை நடக்கும் என்று அவள் மனசுக்குள் ஒரு கணம் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதலை நினைத்து உடனே வெட்கமும் வந்தது.

வாசலில் ஓட்டோ ஹோன் அடித்தது.

அருளப்பு சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வசனம் பொய்யா இருக்கட்டும் பிள்ள. வள்ளம் காரைதீவில கிடந்தது பொய்யில்லையே? எலுவன்குளத்தில ஒருக்காலும் நாங்க கேக்கேல்ல. அதுவும் பொய்யில்லையே?"

கேட்கவில்லைதான். கடற்படையிடம் கேட்டார்கள், மன்னார்ப் பக்கம் கேட்டார்கள், இந்தியாவுக்கும் சொல்லிவிட்டார்கள். எலுவன்குளத்தில் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நிலானி நின்றாள்.

புத்தளம் தாண்டி, உப்பளம் தாண்டி, வீதி செம்மண்ணாகி, இரண்டு பக்கமும் பற்றைக்காடு தொடங்கியது. ஹுனைஸ் ஒன்றும் கதைக்காமல் ஓட்டினான். அருளப்பு மட்டும் ஒவ்வொரு வயல் வரும்போதும், "ஆள் நிக்குதா பிள்ள? எப்பிடி ஆள்? உயரமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். டொறத்தி முதலில் இல்லை என்றாள். பிறகு, தூரத்தில் நின்றவர்களை அவளும் கூர்ந்து பார்க்கத் தொடங்கினாள். மண்வெட்டியோடு குனிந்து நின்ற ஒருவனின் முதுகைக் கண்டபோது அவள் ஓட்டோக் கம்பியைப் பிடித்து வெளியே எட்டினாள். அவன் நிமிர்ந்தான். வேறு யாரோ.

பாலத்துக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. கடைக்காரப் பெண் படத்தை வாங்காமலே சிங்களத்தில் கேட்டாள், நீங்களும் நாடகம் பார்த்துவிட்டா வந்தீர்கள் என்று.

அருளப்பு சிங்களத்தில் ஓம் என்றார்.

அவள் கன்னத்தில் கையை வைத்தாள். பிறகு பாலத்தின் பக்கம் காட்டினாள். காலையில் இருந்து வந்துகொண்டிருக்கிறார்கள், நான் என்ன சொல்வது, இங்கே படம் பிடித்தார்கள், சோறு சமைத்துச் சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள், வேறொன்றும் எனக்குத் தெரியாது என்றாள்.

டொறத்தி திரும்பிப் பார்த்தாள். பாலத்தின் மேல் சனம் நின்றது. சட்டகம் போட்ட படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மா. பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பெண்பிள்ளை, தாயின் கையைப் பிடித்தபடி. முக்காடு போட்ட இரண்டு பேர், ஒரு மோட்டார் சைக்கிளின் பக்கத்தில். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பாலத்துக்குக் கீழே ஆறு முழங்கால் ஆழத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அக்கரைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்பிள்ளையின் தாய் டொறத்தியைக் கண்டு கிட்ட வந்தாள். டொறத்தியின் வயதுதான் இருக்கும்.

"உங்கட ஆள் எப்ப போனது?"

"கச்சான் தொடங்கேக்க."

"எங்கட ஆள் போய் நாலாம் வருசம். சிலாபம் மீன்பிடி ரோலரில. உங்களுக்கு ஏதும் தகவல் தெரியுமா? இந்த நாடகம் எழுதினவங்களுக்கு ஏதோ தெரியுமாம் எண்டு சொல்றாங்க. தெரியாம அப்பிடி எழுத ஏலாது எண்டு."

டொறத்தி வாயைத் திறந்தாள். எழுதினவளுக்கு ஒன்றும் தெரியாது, அது நான் கண்ட கனவு, வசனம் காருக்குள் வைத்து எழுதினது. சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. பெண்பிள்ளை அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

ஓட்டோவுக்குப் பின்னால் போய் நின்று நிலானிக்கு டெலிபோன் எடுத்தாள்.

"மச்சாள்? அப்பா எப்பிடி?"

"இங்க பாலம் முழுக்கச் சனம், நிலானி. எல்லாரும் காணாமப் போன ஆக்களின்ட சனம். பள்ளிக்கூடப் பிள்ளையும் வந்து நிக்குது." டொறத்தி மூச்சை இழுத்தாள். "நான் உன்னட்ட ஒண்டுதான் கேக்கிறன். அடுத்த வியாழன் அந்த மனுசனைச் சாகடி. செத்துப்போனான் எண்டு தெளிவாக் காட்டு. உடம்பைக் கரையில கொண்டுவந்து போடு. இந்தச் சனம் வீட்டுக்குப் போகட்டும். மாமாவும் வீட்டுக்கு வரட்டும்."

மறுமுனையில் கோழி ஒன்று கொக்கரிப்பது கேட்டது. பள்ளிவாசல்துறை வீட்டுக் கோழி.

"நிலானி?"

"ஏலாது மச்சாள்."

"ஏன்? நீதானே எழுதுறாய்?"

"எழுதி, எடுத்து, குடுத்தும் ஆச்சு. போன மாசமே." நிலானியின் குரல் உடைந்தது. "அடுத்த கிழமை அவர் உசிரோட வாறார், மச்சாள். அந்தப் பாலத்தாலதான் நடந்து வாறார்."

டொறத்தி டெலிபோனைக் காதிலிருந்து எடுக்கவும் மறந்து நின்றாள்.

அருளப்பு ஹுனைஸின் தோளைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் பாலத்துக்கு ஏறிவிட்டார். வயதான அம்மாவின் சட்டகத்தை வாங்கி மூக்கில் முட்ட வைத்துப் பார்த்தார். "நல்ல பிள்ளை, நல்ல முகவெட்டு," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு டொறத்தி நிற்கும் பக்கத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கையசைத்தார்.

"பிள்ள, ஆர் லைனில? நிலானியா? அடுத்த கிழமை நாடகத்தில என்ன நடக்குதாம் எண்டு கேளு!"

பாலத்தில் நின்ற அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.